தங்கச்சி காரைவிட ஒரு சாண் உயரம்

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், என் தம்பியின் கல்யாணத்தன்று. நான் பிறந்தது எலப்புள்ளியில். வாழ்க்கைப்பட்டது பெருமாட்டிப் பக்கம், தென்னந்தோப்பும் கடலைக்காடுமாக இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு. அந்த நாளில் எலப்புள்ளி வெள்ளைக்காரன் சீமை, பெருமாட்டி கொச்சி ராஜா சீமை. ஆனால் பேச்சும் உறவும் சீர்முறையும் எங்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை உண்டு. கண்டவர்மேலெல்லாம் பொறாமைப்பட எனக்கு நேரம் கிடையாது. மொத்தத்தையும் ஒரே ஆள்மேல் வைத்திருக்கிறேன், அது என் தங்கை. நிறம், முடி, குரல் எல்லாம் அவளுக்கு வந்தது. கைகால் வலுவும் வாயும் எனக்கு வந்தது. அவள் போய்ச் சேர்ந்தது மாடி வைத்த மெத்தை வீடு, நான் போய்ச் சேர்ந்தது ஓட்டு வீடு. நான் நூல் சேலை எடுத்தால் அடுத்த பண்டிகை நோம்பிக்கு அவள் பட்டு எடுத்திருப்பாள். என்னைப் பார்த்து எடுத்தாளா, தானாக எடுத்தாளா என்பது சாமிக்குத்தான் வெளிச்சம். எனக்கு வயிறு எரிந்தது மட்டும் நிஜம்.

அவள் வீட்டுக்காரர் ஒரு கறுப்புக் கார் வாங்கினார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போய்ப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து படுத்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து அந்தக் காரின் தலைமேல் சாமான் வைக்க ஒரு கேரியர் மாட்டினார்கள். சுற்றிலும் பளபளவென்று கம்பி, நாலு மூலையிலும் பித்தளைக் குமிழ். வெறும் காராக இருந்தது, கிரீடம் வைத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் போனது.

எங்கள் வீட்டிலும் கார் வந்தது. ஏலப்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது விற்ற வண்டி அது. ஸ்டேஷன் வேகன் என்பார்கள். முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் பெட்டி. உடம்பு முழுக்க மரப்பலகை. கூரை மட்டும் மெல்லிய மரச்சட்டங்களின்மேல் கித்தான் துணி இழுத்துக் கட்டியது. உள்ளே எப்போதும் ஒரு தேயிலை வாசம். தோப்புத் தேங்காயைச் சந்தைக்குக் கொண்டுபோக என்று என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். மூட்டை சரியாமல் இருக்க, வாங்கிய வாரமே பின்பலகையை போல்ட் போட்டு இறுக்கிவிட்டார். ஊர்க்காரர்கள் அதைப் பலகைக் கார் என்றார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. தங்கச்சி வீட்டுக் காரை யாரும் தகரக் கார் என்று சொல்லவில்லையே!

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பெண் முடிவாயிற்று. எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவளுக்கு நடக்கிற சீர். மணப்பெண்ணுக்கான கூறைச்சேலையை மூங்கிலில் பின்னிய ஒரு மூடிக்கூடையில் வைத்திருப்பார்கள், அதற்குப் பேழை என்று பெயர். உடன்பிறந்தவள் அந்தப் பேழையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்தில் மணவறையில் இருப்பாள். சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். தாலி கட்டுவதற்கு முன்னால் அந்தப் பந்தலில் அவள்தான் ராணி. அவளுக்குத்தான் மாலை, அவளுக்குத்தான் முதல் மரியாதை. இரண்டு பேர் உடன்பிறந்திருந்தால் ஒருத்திக்குத்தான் அந்தச் சீர். அப்பா யோசிக்கவே இல்லை. “மூத்தவ இருக்கறப்ப என்ன பேச்சு?” என்று சொல்லிவிட்டார்.

தங்கைக்கு முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்து எனக்குப் பரம சந்தோஷம். அவளுக்கும் தம்பிக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம், இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவள் ஆசைப்பட்டிருப்பாள். படட்டுமே! என்றைக்காவது ஒருநாள் அவளும் என்னைப் பார்த்து வயிறு எரியட்டும் என்று இருந்தது.

இனி மிச்சம் இருந்தது கேரியர் ஒன்றுதான். தங்கச்சி கார் தலையில் கிரீடத்தோடு வரும்போது, இணைச்சீர்க்காரி மொட்டைத்தலை வண்டியில் போய் இறங்குவதா? பேழை என் வண்டியின் தலைமேல் ஊரெல்லாம் பார்க்க வரவேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பாலக்காட்டில் ஒரு மோட்டார் சாமான் கடையில் முதலில் பார்த்தோம். கடைக்காரர் ஒரு சீமைக் கேரியரை எடுத்து வைத்தார். சன்னக் கம்பி, கைக்கு அடக்கமான எடை. என் வீட்டுக்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கு அதைப் பார்த்தால் கோழி அடைக்கிற கூடை மாதிரி இருந்தது.

“இதுல பேழைய வெச்சா, காக்கா கூடுன்னு நெனைப்பாங்க,” என்றேன்.

“ஏம்புள்ள, தேங்கா மூட்டை ஏத்தறதுக்கு எதுக்குச் சோக்கு?” என்றார் அவர்.

“ஏனுங்க, தேங்காயா இணைச்சீர் பண்ணப் போகுது? நானுங்க பண்றது,” என்றேன். அதோடு அந்தக் கடை முடிந்தது.

அடுத்து கோயம்புத்தூரில் பஸ்ஸுக்கு உடம்பு கட்டுகிற ஒரு பட்டறை. அங்கே மரச்சட்டத்தில் ஒரு கேரியர் இருந்தது, ஏறி இறங்க ஏணிகூட வைத்திருந்தார்கள். நல்ல உழைப்பு, ஆனால் குமிழ் இல்லை. குமிழ் வைத்துத் தருவீர்களா என்று கேட்டதற்கு, “குமிழு எதுக்குங்கம்மா, அது என்ன ஊஞ்சலா?” என்று பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் நான் ஒரு சாமானும் வாங்குவதில்லை.

கடைசியில், எங்கள் ஊரிலேயே மாட்டு வண்டிக்கு இரும்புப் பட்டை அடிக்கிற ஆசாரியிடம் செய்யச் சொல்லலாம் என்று முடிவாயிற்று. அவருக்கு அளவு சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான், அது தங்கச்சி காரின்மேல் இருந்தது. ஒரு கூடை மாம்பழத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மோர் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்துக் கார்ப் படியில் ஏறி நின்று, கேரியரின் நீளம், அகலம், கம்பியின் உயரம் எல்லாவற்றையும் சாண் போட்டு அளந்தேன். உயரத்தை அளந்துகொண்டிருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது.

“என்னக்கா, காருக்கு நலங்கு வெக்கறயா?”

கையில் மோர்ச் செம்போடு நின்றிருந்தாள். தூசி தட்டினேன் என்று என்னத்தையோ உளறினேன். அவள் செம்பை நீட்டிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும்வரை என் காதில் இருந்தது. ஆசாரியிடம் போய், “நீளத்துல ஒரு சாண் எச்சு, அகலத்துல ஒரு சாண் எச்சு, கம்பி உசரத்துல ஒரு சாண் எச்சு” என்று சொன்னேன். குமிழும் நாலு அல்ல, எட்டு வைக்கச் சொன்னேன்.

ஆசாரி வண்டிச் சக்கரம் கணக்காக வலுவான இரும்பில் அதைச் செய்தார். நாலு ஆள் பிடித்துத்தான் தூக்க முடிந்தது. இனி அதை எங்கே மாட்டுவது என்று கேள்வி வந்தது. என் வீட்டுக்காரர், ஆசாரி, தோட்டத்து ஆட்கள் எல்லாருமே மாட்டு வண்டியில் பிறந்து வளர்ந்தவர்கள். பாரம் எப்போதும் நடுவில், அச்சுக்கு நேராக நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சோறு தின்பது மாதிரி. முன்பாரமானால் மாட்டுக் கழுத்தில் இறங்கும், பின்பாரமானால் நுகம் மேலே தூக்கிக்கொள்ளும். அதனால் கேரியரின் நாலு காலையும் கூரையின் நட்டநடுவில், கதவுகளுக்கு நேர் மேலே, நெருக்கி நிறுத்தி முடுக்கினார்கள். “ஒரு பக்கமும் சாயாதுங்க,” என்றார் ஆசாரி. காரில் மாடே கிடையாது என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வண்டி வாசலில் நின்றபோது எட்டுக் குமிழும் வெயிலில் மின்னின. நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கல்யாணத்தன்று காலையில் எலப்புள்ளியிலிருந்து இரண்டு காரும் கிளம்ப வேண்டும். ராகு காலம் தொடங்குவதற்குள் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும், சாமான் அதற்குப் பிறகு ஏறலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். தம்பியும் அப்பாவும் தங்கச்சி காரில் ஏறிக்கொண்டார்கள். அதன் சீட் மெத்தென்று இருக்குமாம், மாப்பிள்ளை சட்டை கசங்காதாம். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பேழை நம் வண்டியில் அல்லவா என்று மனசைத் தேற்றிக்கொண்டு நானும் என் மகளும் ஏறினோம். வண்டி ஓட்ட என் வீட்டுக்காரரும் ஏறினார். கதவுகளை அடைத்தோம். அப்போது எல்லாக் கதவும் வெண்ணெய் மாதிரி மூடின.

பிறகுதான் சீர் ஏறியது. அரிசி மூட்டை, வெல்லம், மஞ்சள், வாழைத்தார். அதோடு எங்கள் தோப்புத் தேங்காய். இரண்டு மூட்டை போதும் என்றார் அப்பா. தங்கச்சி வீட்டுக்குத் தென்னந்தோப்பு இல்லை. வேறு என்ன இருந்தாலும் அது இல்லை. அதனால் நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இன்னும் ஒண்ணு போடுங்க, இன்னும் ஒண்ணு போடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் பாரவண்டிக்குக் கட்டுகிற மாதிரி வடக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். கடைசியாக அப்பா பேழையைக் கொண்டுவந்தார்.

“மடியில வெச்சுக்க அம்மிணி. பத்திரமா இருக்கும்.”

“மடியில வெச்சா யாருக்குங்கப்பா தெரியும்? மேல வெய்யுங்க,” என்றேன்.

அப்பா பேழையை ஆட்களிடம் கொடுத்தார். “ஏத்தறது ஆரு வேணா ஏத்தலாம், எறக்கறது உங்கையாலதான் எறக்கோணும். ஞாபகம் இருக்குதல்லோ?” என்றார். எங்கள் வகையறாவில் அது வழக்கம். போய்ச் சேர்ந்ததும் முதலில் இறங்குவது பேழைதான், அதை உடன்பிறந்தவள் கைதான் தொட வேண்டும். எடுத்தவள் கீழே வைக்காமல் நேராகப் பந்தலுக்குள் போய்விட வேண்டும். எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே இத்தனை பாடு! ஆட்கள் ஒருத்தர் தோள்மேல் ஒருத்தர் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில், என் பக்கத்துக் கம்பியை ஒட்டி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதை வைத்துச் சுற்றிலும் வைக்கோல் அடைத்தார்கள்.

வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். கொச்சி எல்லைச் சுங்கச் சவுக்கையில் காவல் நின்றவன், துரை வண்டி என்று நினைத்து, “போட்டே, போட்டே” என்று, போகட்டும் என்பதை மலையாளத்தில் சொல்லிக் கையை வீசி எங்களை விட்டான். பின்னால் வந்த தங்கச்சி காரை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தான். நான் திரும்பி அதைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் போல் சுகம் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் கொண்டைப் பூவில் மட்டும் என்னமோ உரசிக்கொண்டே வந்தது. மேடு பள்ளத்தில் தலை இடிக்கிறது என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தேன்.

பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றது. மேளம் கொட்டினார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு கதவின் பிடியைத் திருப்பினேன். கதவு அசையவில்லை.

“ஏனுங்க, கதவைத் தொறந்துடுங்க.”

அவர் தன் பக்கத்துக் கதவைத் தள்ளினார். “தொறக்க மாட்டீங்குது புள்ள,” என்றார். தோளைக் கொடுத்து முட்டினார், அதுவும் நடக்கவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் ஜன்னல் வழியாகவே வெளியே குதித்தார். வெளியிலிருந்து நாலு கதவையும் இழுத்துப் பார்த்தார். பின்பலகையை அவரேதான் போல்ட் போட்டு இறுக்கியிருந்தாரே. தங்கை வீட்டுக்காரர் வந்து இழுத்தார். அவர்தான் மேலே நிமிர்ந்து பார்த்து, “பாரத்துல கூரை அமுங்கி, சட்டம் கதவைக் கவ்விப் புடிச்சிருக்குதுங்க. மூட்டைய எறக்குனாத்தான் தொறக்கும்,” என்று சொன்னார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கித்தான் கூரை என் தலைக்கு மேல் பசுவின் வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் என் பூவை உரசியது அதுதான்.

ஆட்கள் மூட்டையில் கை வைக்கப் போனார்கள். கல்யாணம் நடத்திவைக்க வந்திருந்த அருமைக்காரர் ஓடிவந்து தடுத்தார்.

“பேழை எறங்காம ஒரு தேங்காகூட எறங்கப்படாதுங்க. நாளைக்கு ஒரு கொறைன்னா என்னையத்தான சொல்லுவீங்க?”

பேழையை இறக்க வேண்டியவள் நான். நானோ வண்டிக்குள். நான் வெளியே வர மூட்டை இறங்க வேண்டும். மூட்டை இறங்கப் பேழை இறங்க வேண்டும். பேழை இறங்க நான் வெளியே வர வேண்டும். அட கெரகமே! என் மகளை ஜன்னல் வழியாக எடுத்துவிட்டார்கள், அவள் நண்டு மாதிரி வெளியே போய்விட்டாள். நான் போகிற அளவுக்கு அந்த ஜன்னல் இல்லை. இருந்திருந்தாலும், சம்பந்தி வீட்டு வாசலில், மேளத்துக்கு நடுவில், பட்டுச் சேலையோடு ஜன்னல் வழியாக இறங்குகிறவளை யார் மதிப்பார்கள்?

அதற்குள் பெண் வீட்டார் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அக்கா தங்கைகள் முறுக்கிக்கொண்டு வண்டியைவிட்டு இறங்காமல் இருப்பது உண்டு. சேலை சரியில்லை, கூப்பிட்ட விதம் சரியில்லை என்று ஏதாவது ஒன்று. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். “மாப்ள அக்கா எறங்க மாட்டீங்கறாங்களாம்” என்ற பேச்சு பந்தல்வரை போயிற்று. மணப்பெண்ணின் அப்பா, வயதான மனுஷர், ஜன்னல் பக்கம் வந்து இரண்டு கையையும் கூப்பினார்.

“ஏந்தாயி, எங்க பக்கம் என்ன கொறைன்னாலும் சொல்லுங்க. எம்பொண்ணுக்காக மனசு வெச்சு எறங்குங்க.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. “ஐயோ, கொறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, கதவு தொறக்கலீங்க” என்று சொன்னேன். மேளச் சத்தத்தில் அவருக்கு ‘கொறை’ மட்டும் கேட்டதோ என்னவோ, இன்னும் குனிந்து கும்பிட்டார். அப்பா ஓரமாக நின்றிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது என்று அருமைக்காரர் அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக எனக்கு ஒரு யோசனை வந்தது. ஜன்னல் வழியாகத் தோள்வரை கையை வெளியே விட்டு, மேலே எட்டி, பேழையை நானே இழுத்துவிடலாம். ஆட்கள் வடக்கயிற்றைத் தொடாமல், பேழையைச் சுற்றி இருந்த வைக்கோலை மட்டும் விலக்கிவிட்டார்கள். நான் சீட்டின்மேல் மண்டிபோட்டு, கையை நீட்டினேன். விரலுக்குக் கம்பி தட்டுப்பட்டது. குமிழ் தட்டுப்பட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் பேழையின் ஓரம் இருக்க வேண்டும், கை எட்டவில்லை. “இன்னும் எவ்வளவுங்க?” என்று கத்தினேன்.

“ஒரு சாண் பத்தல,” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அந்த ஒரு சாண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். இல்லை, இன்னொருத்திக்கும் தெரியும். அவள் என் ஜன்னல் பக்கம் வந்து நின்றிருந்தாள்.

தங்கைக்கு அன்று பட்டுகூட இல்லை. அக்கா சீர்க்காரி என்பதால், கண்ணை உறுத்தாத ஒரு அரக்கு நூல் சேலை கட்டியிருந்தாள். அதுவும் அவளுக்கு என் பட்டைவிட அழகாகத்தான் இருந்தது, அதையும் அந்த நேரத்தில் நான் கவனித்தேன்.

“அக்கா, அப்பா என்னைய எடுக்கச் சொல்றாரு,” என்றாள். “எடுத்தா நாந்தான் உள்ள போகோணுமாம்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். ஆசை இல்லாத முகம் அல்ல அது. உள்ளே பொங்குவதை உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறம் உனக்கு, முடி உனக்கு, மெத்தை வீடு உனக்கு, கார் உனக்கு. எனக்கென்று அப்பா கையால் கொடுத்தது ஒன்றே ஒன்று, இப்போது அதுவுமா?

“எடுத்துத் தொலை,” என்றேன்.

அவள் நகரவில்லை. “அப்படிச் சொன்னா எடுக்க மாட்டேன்.”

“பொறவு என்ன, உனக்கு நான் ஆரத்தி சுத்தோணுமா? அதான் எடுன்னு சொல்லிட்டனல்லோ.”

“அது நல்ல வாய் இல்லக்கா. உன்ற வாயால நல்லபடியாச் சொல்லு. நீ சொல்லலீன்னா முகூர்த்தம் போனாலும் நான் தொட மாட்டேன். நீ இங்கயே உக்காந்திரு, நான் இங்கயே நிக்கறேன்.”

இப்படி ஒரு பிடிவாதத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. பின்னால் அப்பா, “அம்மிணி…” என்று குரல் கொடுத்தார், யாரைக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. பந்தல் வாசலில் தம்பி மாலையோடு நின்றிருந்தான். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது அவனுக்கு. சின்ன வயதில் பயந்தால் மேலுதட்டை மடித்துக்கொள்வான், அப்படி மடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு யார் பேழை பிடித்தாலும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் போதும் அவனுக்கு.

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். நல்லபடியாகவே சொன்னேன்.

“எடு கண்ணு. தம்பிக்கு நேரமாச்சு. எடுத்துக்கிட்டுப் போ.”

அவள் ஒரு நிமிஷம் என் கையைப் பிடித்தாள். பிறகு எங்கள் வண்டிப் படியில் ஏறி, ஜன்னல் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, சேலையைப் பற்களால் கடித்துக்கொண்டு மேலே எட்டினாள். நான் உள்ளேயிருந்து அவள் கொலுசை மட்டும் பார்த்தேன். பேழை அவள் இடுப்பில் இறங்கியதும் பெண்கள் குலவை போட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் பந்தலுக்குள் போய்விட்டாள். அவள் நடை எனக்குத் தெரியும், அன்றைக்குத் தரையிலேயே கால் பாவவில்லை. என் வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே எரிந்தது.

அதற்குப் பிறகு மூட்டைகள் இறங்கின. வடக்கயிற்று முடிச்சை அவிழ்க்கவே வெகுநேரமாயிற்று. நான் சொல்லிச் சொல்லி ஏற்றிய தேங்காய் மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி மூட்டை இறங்கியதும் மேலே எங்கேயோ மரம் முனகியது. நான் தொடாமலேயே கதவு ‘டக்’கென்று விட்டுக்கொடுத்தது. இறங்கி, கசங்கிய பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பந்தலுக்குள் போனேன்.

அங்கே சேலையின் ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையைத் தங்கையும் பிடித்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால், பெண் வீட்டுச் சமையல் ஆட்களோடு நின்று பார்த்தேன். மணப்பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து ஓடிவந்து, “மனசு எறங்கி வந்தீங்களே தாயி!” என்று மறுபடியும் கும்பிட்டார். கதவு விஷயத்தை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இன்றுவரை அந்த ஊரில் நான் கோபக்காரி என்றுதான் பெயர். போகட்டும், அதில் பாதி உண்மைதானே!

ஊர் திரும்பியதும் கேரியரைக் கழற்றி எறிந்தோம். இப்போது அது எங்கள் கிணற்று மேட்டில் அவரைக்கொடி படர்கிற பந்தலாக நிற்கிறது. எட்டுக் குமிழும் பச்சைக் களிம்பு பிடித்துவிட்டன. தங்கை வரும்போதெல்லாம் அதில்தான் அவரைக்காய் பறிப்பாள். “நல்ல உசரமாத்தான் செஞ்சிருக்கற அக்கா, குனியாமப் பறிக்கலாம்” என்பாள். எனக்குச் சுருக்கென்னும், சிரிப்பும் வரும்.

போன மாதம் அவள் வீட்டில் புதுக் கிணறு வெட்டினார்கள், பொங்கிப் பொங்கித் தண்ணீர் வந்ததாம். கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்படி அவளிடம் இருக்கிற ஒவ்வொன்றின்மேலும் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். அன்று அந்த ஜன்னலில் நானே என் வாயால் எடுத்துக்கொள் என்று சொன்னேனே, அந்தப் பேழையின்மேல் மட்டும் அன்றைக்குப் பிறகு ஒருநாள்கூடப் பொறாமை வந்ததில்லை.